பத்துக்குப் பத்து

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பேரவை நண்பர்கள் வந்து நின்றபோது, கவிதை எழுதலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். “கவிதை வேண்டாம்டா சாமி... ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கெடக்குது” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். எங்கள் வீட்டு பெட்ரூமைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இந்த மூன்று வருடத்தில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அந்த ரூமில் படித்ததுதான். வைவாவில் அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அந்தக் கரை பவானி, இந்தக் கரை நாங்கள். ஊர் முழுக்க விசைத்தறி. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே பன்னிரண்டு தறி ஓடுகிற பட்டறை இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தத் ‘தடக்... தடக்...’ கேட்டுத் தூங்கிய பிள்ளைகள் நானும் தங்கச்சியும். தறி நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும்!

அப்பா பகலில் தறி ஓட்டுவார். நோம்பிக் காலத்தில் ராத்திரிக்கு மெல்லிசைக் கச்சேரி. டி.எம்.எஸ். பாட்டு என்றால் எங்கள் பக்கத்து ட்ரூப்பில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய பாடகர் ஒன்றும் இல்லை. நாலு ஊர் மாரியம்மனுக்குத் தெரிந்த குரல், அவ்வளவுதான்.

எனக்குப் பாட வராது. ஆனால் பாட்டை ரெக்கார்டு செய்து மிக்ஸ் செய்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரண்டு லீவில் தறிப்பட்டறையில் தார் போட்டுச் சேர்த்த பணத்தில் பழைய லேப்டாப் ஒன்று, இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினேன். ஸ்பீக்கருக்கு, ட்ரூப்பில் கழித்துப் போட்ட 12 இன்ச் கேபினெட் இரண்டு. மைக்குக்கு அப்பாவின் ஷூர் எஸ்.எம்.58. ஸ்டூடியோ ரெடி! இடம்? நானும் தங்கச்சியும் படிக்கிற பெட்ரூம். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி. கட்டின மேஸ்திரி நூல் பிடித்த மாதிரி கட்டியிருந்தார். அவர்மேல் எனக்கு இப்போதும் கோபம்.

முதல் அடி நோம்பியில்தான் விழுந்தது. என் நண்பன் ஒருவன் கீ-போர்டில் ஒரு அம்மன் பாட்டுப் போட்டான். நான் மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன். ரூமுக்கு நட்ட நடுவில் நாற்காலி போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து. பேஸ் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. ஏற்றினேன். இன்னும் பத்தவில்லை. இன்னும் ஏற்றினேன். அருமை என்று தோன்றியது. கோயில் மைதானத்தில் கச்சேரிக்கு முன்னால் போட்டார்கள். ஐயோ! பாட்டு எங்கே? ‘பொம்... பொம்...’ என்று பூமி அதிர்ந்ததே தவிர, நண்பனின் குரலைக் காணோம். “யார்றா இது, போர் போடற வண்டியக் கோயிலுக்குக் கூட்டியாந்தது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்றும் திட்டவில்லை. என் பாட்டைப் போடச் சொல்லி, ரூமுக்குள் மெதுவாக நடந்தார். நடுவில் நின்றார். மூலைக்குப் போனார். மறுபடி நடுவுக்கு வந்தார்.

“தப்பு உன்ற காதுல இல்லீடா கண்ணு. ரூம்ல இருக்குது. இங்க நின்னா பேஸ் செத்துப் போவுது. மூலைல போயி நில்லு, காது அடைக்குது. மண்டபத்துல பாடறப்ப நாங்க பாக்கறதுதான இது.”

மறுநாள் ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, கேபினெட்டில் இணைத்து, 50 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றினேன். 57 வந்ததும் பீரோக் கதவு ‘கிர்ர்ர்’ என்று நடுங்க ஆரம்பித்தது. மூலையில் நின்றால் நெஞ்சில் குத்துகிறது. நடு ரூமில் வந்து நின்றால்... சத்தமே இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்ட மாதிரி. ஓரடி தள்ளினால் மறுபடி வருகிறது. நண்பர்களே, இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். பேயைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பேய் அல்ல, நிலை அலை. நம் இ.சி.இ. பசங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ட்ரான்ஸ்மிஷன் லைனில் லோடு பொருந்தாவிட்டால் போன அலை திரும்பி வந்து, ஓரிடத்தில் ஏறி, ஓரிடத்தில் இறங்கி நிற்குமே, அதே கதைதான். வோல்டேஜுக்குப் பதில் காற்றழுத்தம், கரண்டுக்குப் பதில் காற்றின் அசைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் சுவர் என்பது ஓப்பன் சர்க்யூட். சுவரில் அழுத்தம் உச்சம், அசைவு பூஜ்யம். எங்கள் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57. அடுத்தது 114. அடுத்தது 171. சாதாரண ரூமில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இந்த எண்கள் பிரிந்து கிடக்கும். எங்கள் ரூமில் மூன்றும் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டன. மேஸ்திரி நூல் பிடித்தார் என்று சொன்னேன் அல்லவா! நான் வேறு மிகச் சரியாக நடுவில், 57 செத்துக் கிடக்கிற இடத்தில் நாற்காலி போட்டு, பேஸ் இல்லை பேஸ் இல்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

கை தட்டிப் பார்த்தால் அதற்கு ஒரு ‘ட்ர்ர்ர்’ என்ற வால். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வந்து போய் வருகிறது. வினாடிக்கு எத்தனை தடவை? அதே 57 தான்.

சரி, ரூமுக்கு வைத்தியம் செய்ய வேண்டும். என்ன மருந்து? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: முட்டை அட்டை! நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்கு முட்டை அட்டைக்கா பஞ்சம்? கடை கடையாக அலைந்து நூற்றிருபது அட்டை சேர்த்து, மைதாப் பசை காய்ச்சி, ஒன்றேகால் சுவருக்கு ஒட்டினேன். பார்க்க சினிமாவில் வருகிற ஸ்டூடியோ மாதிரியே இருந்தது. ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் பசையைத் தின்ன கரப்பான் வந்தது. கரப்பானைத் தின்னப் பல்லி வந்தது. மழை பெய்த அன்று கோழிப்பண்ணை வாசம் வந்தது. “இது ஊடா, பண்ணையா?” என்று அம்மா துடைப்பத்தை எடுத்தார். தங்கச்சி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபோனாள்.

சத்தம் மட்டும் மாறவே இல்லை. அதாவது, கீச்சுச் சத்தம் லேசாக மங்கியது, ‘பொம்’ அப்படியே இருந்தது. முட்டை அட்டை வெறும் காகிதக் கூழ். மெல்லிசு. ஒலியைத் தின்பதற்கு அதில் சதை இல்லை. தறிச் சத்தமாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன், நீங்கள் குழம்பாதீர்கள். ரூமுக்குள் எழும் ஒலி எதிரொலிக்காமல் பார்ப்பது ஒரு வேலை. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதற்குப் பஞ்சு மாதிரி காற்று புகுகிற பொருள் வேண்டும். இரண்டாவதற்கு எடையும், ஓட்டை இல்லாத அடைப்பும் வேண்டும். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் 50 டெசிபலுக்குப் பக்கம் தடுத்துவிடும். ஆனால் அந்தச் சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே போச்சு, 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு மேலே காற்று வர ஒரு சிமெண்ட் ஜாலி இருக்கிறது. பன்னிரண்டு தறியும் அது வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ஒலியைப் பொறுத்தவரை ஓட்டைதான் வாசல்.

இப்படி நான் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. 2024 ஜூலையில் அப்பாவுக்குக் கழுத்தில் ஒரு வீக்கம். ஈரோட்டில் காட்டினோம். தைராய்டில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். டாக்டர் நல்லவர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே ஓடுகிறதாம். “பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பேசுவதில் கஷ்டம் இருக்காது. ஆனா நீங்க பாடறவர்ங்கறதால சொல்றேன்... மேல் ஸ்தாயி முன்ன மாதிரி வரும்னு உத்தரவாதம் தர முடியாது.”

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிபாளையம் தாண்டினதும், “என்ற பாட்டு ஏதாச்சும் உன்கிட்ட இருக்குதாடா?” என்றார்.

இருந்தது. ஒன்றே ஒன்று. அந்த ரூமில் சும்மா பாடச் சொல்லிப் பதிந்தது. வீட்டுக்கு வந்து போட்டோம். கிணற்றுக்குள் இருந்து ஒருவர் பாடுகிறார். பின்னணியில் தறி ஓடுகிறது. பல வருடம் ஊர் ஊராகப் பாடின மனிதருடைய குரல் உலகத்தில் இருந்தது இவ்வளவுதான். ட்ரூப்பில் அந்தக் காலத்தில் பதிந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

முதலில் அட்டைகளைச் சுரண்டி எடுத்தேன். (மைதாப் பசை சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது. அதற்குத் தனியாகத் திட்டு.) பிறகுதான் நாள் கணக்கில் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1895-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசினால் ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை வினாடி சுற்றிக்கொண்டே இருக்கும். சரி செய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அவரிடம் இருந்த கருவி? ஒரு ஆர்கன் குழல், ஒரு ஸ்டாப் வாட்ச், தன்னுடைய காது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் ஆட்களோடு தூக்கி வந்து பரப்பி, குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நேரம் என்று அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவாராம். அதில் பிறந்ததுதான் சபைன் சூத்திரம். அதை வைத்துத்தான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கத்துக்குக் கணக்குப் போட்டார்.

மெத்தை தூக்கியே ஒரு விஞ்ஞானம் பிறந்திருக்கிறது என்றால், நமக்கென்ன வெட்கம்?

கணக்குப் போட்டேன். ரூமின் கொள்ளளவு 28.4 கன மீட்டர். 0.161-ஆல் பெருக்கினால் 4.57. அதை ரூமுக்குள் ஒலியைத் தின்கிற மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். பூச்சுச் சுவர் தன்மேல் விழுகிற ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் தின்னும் என்று வைத்தால், ஆறு பக்கமும் சேர்ந்து தின்பது 1.67 சதுர மீட்டருக்குச் சமம். அதாவது காலி ரூமில் ஒலி அடங்க 2.7 வினாடி. கட்டில், மெத்தை, துணிமணியோடு அளந்து பார்த்தபோது 1.1 வினாடி வந்தது. அளக்க ‘ரூம் ஈ.க்யூ. விஸார்ட்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். இந்த அளவு ரூமுக்கு அரை வினாடிக்குள் இருந்தால் நல்லது. அரை வினாடிக்கு இன்னும் ஐந்து சதுர மீட்டர் ‘தின்னி’ வேண்டும். இரண்டடிக்கு நாலடி பேனல் ஆறு போட்டால் 4.46 வருகிறது, கிட்டத்தட்டப் போதும்!

பேனலுக்குள் வைத்தது ராக்வூல். பாய்லர் குழாய்க்கும் ஏ.சி. டக்டுக்கும் சுற்றுகிற கல் கம்பளி. ஈரோட்டில் இன்சுலேஷன் கடையில் கிடைத்தது. 50 மில்லி மீட்டர் ஸ்லாப் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நாலு இன்ச் ஆக்கினேன். கனம் முக்கியம் நண்பர்களே! கடையில் அழகாகக் கூம்பு கூம்பாக வெட்டி விற்கும் ஒரு இன்ச் ஃபோமை வாங்கி ஏமாறாதீர்கள். காற்று அசைந்தால்தான் பஞ்சு அதை உரசி வெப்பமாக மாற்றும். சுவரை ஒட்டி அசைவே கிடையாது, முன்னமே சொன்னேன். அலையின் கால் பங்கு தூரத்தில்தான் அசைவு உச்சம். 1000 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்பது சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டி மீட்டர்! ஒரு இன்ச் ஃபோம் கீச்சுச் சத்தத்தை மட்டும் விழுங்கிவிட்டு, ‘பொம்’மைத் தொடாமல் விட்டுவிடும். போர்வைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நான் பேனலைச் சுவரோடு ஒட்டாமல் நாலு இன்ச் இடைவெளி விட்டு நிறுத்தினேன். காசில்லாத காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சட்டத்துக்குத் தறி சாமான் வந்த பெட்டிகளின் பலகை. மேலே போர்த்தத் துணி? குமாரபாளையத்தில் அதற்கா கவலை! பட்டறை மாமா ஓட்டு விழுந்த லுங்கித் துணி ஒரு பீஸ் சும்மா கொடுத்தார். துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும், அதுதான் பரீட்சை. லுங்கி பாஸ். இப்படியாக எங்கள் ஸ்டூடியோவில் ஆறு பேனலும் கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கொண்டு நிற்கின்றன.

ராக்வூலைத் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்குக்கு மாஸ்க் மூன்றும் கட்டாயம். நான் அரைக்கைச் சட்டையோடு வீரம் காட்டி மூன்று நாள் சொறிந்தேன்.

எதை எங்கே வைப்பது என்பதற்குத் தங்கச்சிதான் உதவி. நான் மிக்ஸ் செய்யும் நாற்காலியில் உட்கார, அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போவாள். கண்ணாடியில் எனக்கு ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் ஒலி சுவரில் பட்டு என் காதுக்கு வருகிறது. அங்கே ஒரு பேனல். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, தலைக்கு மேல் கூரையிலிருந்து கொக்கி போட்டு ஒன்று. (அதை மாட்டியது ட்ரில்லிங் மெஷினோடு வந்த மெக்கானிக்கல் நண்பன். அவன் துறைக்கு நன்றி.) பின்சுவரில் இரண்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒன்று. நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தி, முன்சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டேன். ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. அது வேதவாக்கு அல்ல, ஆரம்பப் புள்ளி. அங்கிருந்து அரையடி முன்னே பின்னே நகர்த்திக் காதால் முடிவு செய்ய வேண்டியதுதான்.

அளந்தேன். 0.5 வினாடி. கை தட்டினால் வால் இல்லை. தங்கச்சி புத்தகப் பையோடு திரும்பி வந்துவிட்டாள், ஹாலைவிட இங்கே படிக்க நன்றாக இருக்கிறதாம்.

ஆனால் அப்பா பாடிப் பார்த்தபோது ஒரு இடத்தில் இடித்தது. அவர் சுருதி ஒரு கட்டை. கீழே மந்தர நிஷாதத்துக்கு இறங்கும்போதெல்லாம் ரூமும் கூடச் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று பாடியது. பார்த்தால், ஒரு கட்டைக்கு அந்த ஸ்வரம் 116 ஹெர்ட்ஸ் சுமாருக்கு வருகிறது. ரூமின் இரண்டாவது எண் 114! நாலு இன்ச் பேனலுக்கு இது அடங்காது. கால் அலையே இரண்டரை அடி. கையில் பணமும் தீர்ந்துவிட்டது.

யோசனை சொன்னது பட்டறை மாமாதான். “ஏன்டா மாப்ள, வேஸ்ட் நூலு மூட்ட மூட்டயாக் கெடக்குதல்லோ. கொஞ்ச நாளைக்கு வெச்சுட்டுக் குடு, வேவாரி வரட்டும்.” தறியில் அறுந்து விழுகிற கழிவு நூல். எட்டுச் சாக்கு வந்தது. இறுக்கி அமுக்காமல், பொதபொதவென்று இருக்கும்படி கட்டி, சாமான் இல்லாத இரண்டு மூலையிலும் ஆளுயரத்துக்கு அடுக்கினேன். மூலையில்தான் எல்லா நிலை அலையும் வந்து முட்டுகின்றன என்பதால் அங்கே வைப்பது எதற்கும் லாபம். பஞ்சு தீப்பிடிக்கும். அதனால் பிளக் பாயிண்ட் பக்கம் ஒரு சாக்கு கூட வைக்கவில்லை, ரூமில் கொசுவர்த்திக்கும் தடை போட்டேன். நிஷாதம் முழுசாக அடங்கவில்லை. ஆனால் ரூம் பாடுவதை நிறுத்தி முணுமுணுக்க ஆரம்பித்தது. 57 மட்டும் இன்னும் குத்துக்கல்லாக அப்படியே இருக்கிறது. நல்லவேளை, அப்பா அவ்வளவு கீழே பாடுவதில்லை.

மிச்சம் இருந்தது தறி.

பன்னிரண்டு தறியை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஓடினால்தான் கூலி. ராத்திரியும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நின்றால் நாலு வீடு தள்ளி இன்னொரு பட்டறை ஓடுகிறது. ஜாலியில் பலகை அடித்து, இடுக்கில் துணி திணித்தும் அந்தத் ‘தடக்’ தரை வழியாக வந்தது. ஒரு நாள் காலையில் அம்மா பேப்பரை மேஜையில் போட்டுவிட்டு, “வெள்ளிக்கெழம கரண்டு இல்லையாமா, ஒம்பதுலருந்து அஞ்சு” என்று அலுத்துக்கொண்டார். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு!

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆபரேஷன் திங்கட்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஊரே நின்றது. அந்த அமைதியை எங்கள் ஊரில் பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காது வலிக்கும். இன்டர்ஃபேஸ் லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலேயே ஓடும். எஸ்.எம்.58-க்குத் தனி மின்சாரம் தேவையில்லை. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். ஃபேன் கிடையாது. ஜன்னலில் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி அடைத்தாகிவிட்டது. பீரோக் கதவு இடுக்கில் பழைய பேப்பரை மடித்துச் செருகி அதன் வாயை மூடினேன். பேனல் இரண்டைக் கழற்றி அப்பாவுக்கு முதுகுப் பக்கம் ‘வி’ மாதிரி நிறுத்தினேன். பல பேர் மைக்குக்குப் பின்னால் ஃபோம் வைக்கிறார்கள். எஸ்.எம்.58 மாதிரி கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது பாடுகிறவரையும், அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரையும்தான். அந்தச் சுவருக்குத்தான் வாயைக் கட்ட வேண்டும்.

“மைக்குல இருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கப்பா. ஒட்டிப் பாடாதீங்க, பேஸ் ஏறிக்கும்.”

“எனக்கே மைக்குப் புடிக்கச் சொல்லித் தரயாடா?” என்றார். தள்ளி நின்றார்.

காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்ஃபோன், அதில் ஃபோன் தம்புரா. வேறு வாத்தியம் இல்லை. முதல் பாட்டில் வெளியே பிள்ளைகள் கிரிக்கெட். அம்மா தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். இரண்டாவதில் காக்கை. மூன்றாவதில் தறி இல்லாத வெறுப்பில் பட்டறை ஆட்கள் எல்லாம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை. மாமா போய், “உள்ள மாப்பள அப்பன் பாடறாப்ல” என்று சொன்னதும் அடங்கினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வியர்வை சொட்டச் சொட்ட, துண்டால் துடைத்துத் துடைத்து, ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு பாட்டு. பேட்டரி நாலு சதவீதத்தில் நிறுத்தினோம். கதவைத் திறந்தால் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு அக்கா சொம்பில் மோர் கொடுத்தார்.

மிக்ஸ் செய்தது ஆபரேஷனுக்குப் பிறகு. அப்பா பேசக் கூடாது என்பதால் கையால் ஜாடை காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏற்று, இறக்கு. பேஸ் விஷயத்தில் அவர் காட்டியது அத்தனையும் சரி. ஆனால் ‘ச’, ‘ஷ’ வருகிற இடங்களில் இன்னும் கூர்மை வேண்டும் என்று ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்றினேன். தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். சந்தேகத்தில் ஃபோனில் 4000 ஹெர்ட்ஸ் டோன் போட்டேன். எனக்கும் தங்கச்சிக்கும் நன்றாகக் கேட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘போட்டுட்டியா?’

வருடக்கணக்காகத் தறிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான். 4000-ஐச் சுற்றி. நான் ஒன்றும் சொல்லவில்லை. டோனை நிறுத்திவிட்டு, கூர்மையைப் பழைய அளவுக்கே கொண்டு வந்துவிட்டுத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். லீவில் பட்டறைக்குப் போகும்போது இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் போகிறேன். பசங்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

குரல் திரும்பி வந்துவிட்டது. பேசுவதில் குறை இல்லை. மேல் ஸ்தாயியில் ஷட்ஜத்தைத் தாண்டினால் மட்டும் காற்றாகப் போகிறது. பழகப் பழக வரலாம் என்கிறார் டாக்டர். கச்சேரிக்கு இன்னும் போகவில்லை. பதினோரு பாட்டையும் பென் டிரைவில் போட்டு மாமாவின் ஆட்டோவில் கேட்டோம், டீக்கடையில் கேட்டோம், கோயில் மைக் செட்டில் கூடக் கேட்டோம். எங்கேயும் பூமி அதிரவில்லை.

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா திடீரென்று, “அந்த ஏழாவது பாட்டு... ரெண்டாவது சரணத்துல சுருதி வெலகிருக்குது. கேட்டியா?” என்றார்.

“கேக்கலீங்கப்பா.”

“வெலகிருக்குது. அத மட்டும் மறுக்காப் பாடிரலாம். அரைக் கட்ட எறக்கி வெச்சுக்க. பேப்பர்ல அடுத்த கரண்டு கட்டு என்னைக்குன்னு பாரு.”

அரைக் கட்டை இறக்கினால் அந்த நிஷாதம் 110-க்கு வருகிறது. அதுவும் 114-க்குப் பக்கத்து வீடுதான். வியாபாரி வந்து எட்டுச் சாக்கையும் எடுத்துப் போய்விட்டார். மாமாவிடம் இன்னொரு பத்துச் சாக்கு கேட்டு வைத்திருக்கிறேன்.